பிளாசிப் போர் ஆவடியில் நடந்தது

காலையில் பல் தேய்ப்பதற்குள் போனில் ஒரு கேள்வி வந்து விழுந்துவிடுகிறது. "சனி பகவானின் வாகனம் எது? அறிவாளிகள் மட்டும் பதில் சொல்லவும்." அனுப்புகிறவர் எங்கள் பழைய கம்பெனியில் ஆள் எடுப்பதையும் அனுப்புவதையும் பார்த்த பெர்சனல் ஆபீசராக இருந்தவர். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியும் கேள்வி கேட்கும் நோய் அவரை விடவில்லை. நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் எங்கள் பழைய ஆட்களின் வாட்ஸப் குரூப்பே காக்கா கூடாகிவிடும். சொந்தத் தம்பி போன் செய்தால் எடுக்காதவர்கள்கூட இதற்கு முண்டியடித்துக்கொண்டு வருவார்கள்.

காக்கைதான் சரி, எனக்கும் தெரியும். ஆனால் திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த காலத்தில் இதே கேள்விக்கு "ஒட்டகம்" என்று பதில் சொன்னவன் நான். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மிக்ஸி மோட்டாருக்கு மூடி அடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. உள்ளே போனால் மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெயும் புது அட்டைப்பெட்டியும் கலந்து ஒரு வாடை வரும். இன்றைக்கும் யாராவது பார்சல் பிரித்தால் எனக்கு ஷிப்ட் மணி அடித்துவிட்டதோ என்று ஒரு பதற்றம் வருகிறது. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் அந்த வாடையை அமுக்கிக்கொண்டு சந்தனமும் பொரியும் மணக்கும். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, முதலாளி வந்து பூசணிக்காய் உடைக்கும்வரை எங்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாமல் நாங்கள் நிம்மதியாக இருப்பதைப் பொறுக்க முடியாமல்தான் பெர்சனல் ஆபீசர் பொது அறிவுப் போட்டியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜி.கே. சார். பழுப்பு அட்டை போட்ட தடித்த கைடு ஒன்று எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். சரித்திரம், புராணம், இலக்கணம் எல்லாம் அதில் உண்டு. கடைசியில் துப்பறியும் கதைகளுக்கென்று தனியாக ஒரு பகுதி. அதில்தான் சாருக்கு உயிர். பாக்கெட் நாவலில் வரும் துப்பறிவாளர் தர்மசீலன் எந்தக் கையில் குடை பிடிப்பார் என்பதுவரை தெரியும். லேத்தில் நிற்கிறவனுக்கு விரல் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியாது. அது கைடில் இல்லை.

நான் ஒட்டகம் சொன்ன வருஷம் போட்டிக்கு ஒரு பரிசையும் சேர்த்தார். அதிக மதிப்பெண் வாங்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கு வேலை நிரந்தரம். வேலையைப் பார்த்து ஆளை நிரந்தரமாக்குவது உலக வழக்கம். ஆகுபெயர் தெரிகிறதா என்று பார்த்து ஆக்கியது எங்கள் கம்பெனி ஒன்றுதான்.

பேக்கிங்கில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தாள். செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவாள். அவள் அப்பா நாற்று நட்டுக் கொண்டிருந்தவர், நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். வருஷம் முடிவதற்குள் கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்பிவிட்டு, கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிடாமலும் விடுவார்கள். அந்த வருஷம் வெளியே போகும் முறை ஸ்டெல்லாவுக்கு வந்திருந்தது. போட்டி அறிவித்த மறுநாளே திருவள்ளூர் ஸ்டேஷன் கடையில் அதே கைடை வாங்கி, ரயிலில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள்.

எங்களுக்கு அவளைப் பிடிக்கும். பிரஸ் ஷாப் ஏழுமலை அண்ணன் சாப்பாட்டு வேளையில் எல்லோரையும் கூட்டி முடிவாகச் சொன்னார். "இன்னாடா, அந்தப் பொண்ணு படிச்சிக்கினு கீது. நம்ம குறுக்க பூந்து கெடுக்கக் கூடாது. தெரிஞ்சாலும் தப்பாச் சொல்லு. கேள்வி அதுகிட்ட போவட்டும்." மணவாள நகரிலிருந்து வரும் இரண்டு கான்ட்ராக்ட் பையன்களும் அதற்குச் சம்மதித்தார்கள். அவர்களுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

போட்டி ஆரம்பித்தது. பிளாசிப் போர் எங்கே நடந்தது?

"ஆவடிங்க சார்," என்றார் ஏழுமலை அண்ணன். "மிலிட்டரிக்காரங்க அங்கதான கீறாங்க."

என் முறை வந்தபோது ஒட்டகம் என்றேன். ஆகுபெயருக்கு எடுத்துக்காட்டு கேட்டதற்கு ஒருவன் தன் மச்சான் பெயரைச் சொன்னான். ஒவ்வொரு கேள்வியும் சுற்றிக்கொண்டு கடைசியில் ஸ்டெல்லாவிடம் போய் நிற்கும், அவள் எழுந்து சரியாகச் சொல்வாள். தர்மசீலனின் குடைகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜி.கே. சார் கைடை மூடினார். தர்மசீலன் ஆவி புகுந்தாற்போல் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இத்தனை மக்குங்க நடுவுல ஒருத்தி மட்டும் எல்லாத்தையும் சொல்றான்னா என்ன அர்த்தம்? கேள்வி முன்னாடியே வெளிய போயிருக்கு. காலைல என் ரூமுக்கு டீ கொண்டாந்தது யாரு?"

டீ கொண்டு போனது ஸ்டெல்லாதான். தினமும் அவள்தான் கொண்டு போவாள்.

"நானும் அந்த கைடுதான் சார் படிச்சேன்," என்றாள் அவள்.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா."

தன் கைடு உலகத்திலேயே ஒன்றுதான் என்று அந்த மேதை நம்பியிருந்தார். ஏழுமலை அண்ணன் எழுந்து, வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னோம், எங்களுக்கும் தெரியும் என்றார். எதைச் சொல்லி நிரூபிப்பது? எல்லா விடையையும் அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். "காக்கா சார்" என்று நானும் கத்திப் பார்த்தேன். சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புதுசா கேளுங்க சார். எவ்ளோ வேணா கேளுங்க, நிக்கிறேன்," என்றாள் ஸ்டெல்லா. அதற்குள் முதலாளி பூசணிக்காயோடு வாசலுக்கு வந்துவிட்டார். சார் கைடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். துப்பறியும் கதைகளைக் கரைத்துக் குடித்த மனிதருக்கு, கண்ணெதிரே ஒரு ஷெட்டே கூடிப் பொய் சொன்னது தெரியவில்லை. எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை.

வேலை யாருக்கும் நிரந்தரமாகவில்லை. ஸ்டெல்லாவை அனுப்பினார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டோம். செவ்வாப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜ் வந்து, அங்கே வேறு ரயில் பிடித்து மறுபடி வடக்கே போக வேண்டும். வாழ்நாளெல்லாம் அப்படிச் சுற்ற வைத்தது சாரின் ஒரு நிமிஷ மூளை.

அந்த ஷெட் இப்போது ஆன்லைன் சாமான்களின் குடோன். ஏழுமலை அண்ணன் இல்லை. இன்னொருவருக்காகத் தெரிந்தே தப்பாகச் சொல்லும் ஆட்களையும் நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. சரியான விடையை முதலில் அமுக்குவதில்தான் எல்லோருக்கும் அவசரம்.

இன்று காலை பொறுக்கவில்லை. காக்கைகளுக்கு நடுவே நானும் ஒரு கேள்வியைப் போட்டேன். "நம்ம கம்பெனி ஆயுத பூஜைப் போட்டியில எல்லாக் கேள்விக்கும் சரியா பதில் சொன்ன பொண்ணு பேரு என்ன?"

மத்தியானத்துக்கு மேல் ஜி.கே. சார் மட்டும் பதில் போட்டார்.

"ஆப்ஷன்ஸ் குடுங்க."