தூண்களுக்கு வெளியே நின்ற ஆம்புலன்ஸ்

நீதிமன்றத்துக்கும் மாநகர மன்றத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பழைய கல்வீதியில் வண்டிகள் ஓடி நாற்பது வருடமாகிறது. நடப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். வீதி முனையில் மூன்று இரும்புத் தூண்கள். அவற்றைத் தரைக்குள் இறக்கும் சாவி பத்தொன்பது வருடமாக ஒரே ஆளிடம் இருந்தது. எல்லோரும் அவரைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். "எங்கப்பனே வந்தாலும் அனுமதிச் சீட்டு வேணும்" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நீதிமன்றப் படியோரம் மடக்குமேசை போட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த பெண்மணியை அவர் அக்கா என்பார். கூடப் பிறக்காத அக்கா. மனைவி இறந்தபின் பூட்டு பட்டினி கிடந்த மதியங்களில், திட்டிக்கொண்டே தன் சோற்றில் பாதியை நீட்டியவர்.

அன்று மன்றத்துக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். தான் சொல்லும்வரை ஒரு வண்டியும் உள்ளே வரக்கூடாது என்பது மேற்பார்வையாளரின் உத்தரவு. பதினொரு மணி வெயிலில் அக்கா மேசைமேல் சரிந்தார். முனையில் நின்ற பூட்டுக்குக் கூட்டம்தான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து தூண்களுக்கு முன்னால் நின்றது.

"திறங்கண்ணே!" என்று கத்தினார் ஓட்டுநர்.

"ஒரு நிமிஷம், கேட்டுக்கறேன்" என்று மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார் பூட்டு.

"விருந்தாளிங்க படியிறங்கற நேரம். கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் போனை வைத்துவிட்டார்.

சாவி கையில் இருந்தது. கை நகரவில்லை.

ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெரிசலை விலக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கால் மணி நேரமானது. தன்னைக் கடந்துபோன ஸ்ட்ரெச்சரில் மை படிந்த விரல்களைப் பார்த்தபோதுதான் அது அக்கா என்று பூட்டுக்குத் தெரிந்தது. மருத்துவமனை போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு முன்னால் மேற்பார்வையாளர் அவர் தோளில் கைபோட்டார். "போன் கிடைக்கலைன்னு சொல்லிடு. ரெண்டு பேருக்கும் நல்லது."

பூட்டு நடந்ததை நடந்தபடியே சொன்னார். "பொறுன்னு சொன்னது அவரு. பொறுத்தது நான். சாவி என் கையிலதான் இருந்துச்சு."

மேற்பார்வையாளருக்கு இடமாற்றம் வந்தது. பூட்டுக்கு வேலை போனது.

அதன்பிறகு ஒருநாள் அக்காவின் வீட்டுக்குப் போனார். மகள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"மன்னிப்புக் கேக்க வரலம்மா. நான்தான் திறக்கலைங்கிறதை என் வாயாலயே சொல்லணும்னு வந்தேன்."

"விழுந்தது அம்மான்னு தெரிஞ்சிருந்தா திறந்திருப்பீங்களா மாமா?"

"திறந்திருப்பேன்" என்றார்.

"அப்போ வேற யாராவதுன்னா சாகட்டும், அப்படித்தானே?"

அவள் கதவைச் சாத்தினாள். படாரென்று சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

இப்போது அவர் நகரத்தின் மறுகோடியில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறார். ஐம்பத்தாறு வயதில் முதுகு கேட்கவில்லை. வாசல் காவலுக்கு ஆள் வேண்டும், உட்கார்ந்தே பார்க்கலாம் என்றார்கள். தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.