தேதி போடாத மனு

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில், பெரம்பலூர் திரையரங்கு ஒன்றில் மதியக் காட்சிக்கு மனைவியோடு போயிருந்தேன். ஆயுதக் குழுவில் சேர்ந்து அரசு அலுவலகத்துக்குக் குண்டு வைக்கும் இளைஞர்களைப் பற்றிய படம். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, குண்டைவிடப் பெரிய குற்றம் ஒன்று கண்ணில் பட்டது. நில மனு தள்ளுபடி ஆனதும் கதாநாயகன் நேரே காட்டுக்குப் போய்விடுகிறான்.

இடைவேளையில் மனைவியிடம் சொன்னேன்: "ஆர்.டி.ஓ.வுக்கு மேல்முறையீடு பண்ணியிருக்கலாம். துப்பாக்கி எதுக்கு?"

"படம் பாக்க வந்தீங்களா, ஃபைல் பாக்க வந்தீங்களா?"

முன்வரிசை இளைஞர் ஒருவர் திரும்பினார். "சார், இந்த வேலையெல்லாம் தெரியுமா? எங்கப்பா வாங்குன அரை ஏக்கருக்குப் பட்டா மாறவே இல்ல. வித்தவரு மவன் இப்ப வேலி போடுறான். போன வாரம் நானும் அருவாளத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். அம்மாதான் கதவப் பூட்டுனாங்க."

இறந்துபோன அப்பாவின் பழைய மனுவைக் கைப்பேசியில் காட்டினார். ஓரத்தில் 'தேதி இல்லை, திருப்பப்படுகிறது' என்ற குறிப்பு. கீழே என் கையெழுத்து.

விதிப்படி நான் செய்தது சரி. பேனாவை நீட்டி, இங்கே தேதி போடுங்கள் என்று சொல்லியிருந்தாலும் எந்த விதியும் தடுத்திருக்காது.

மீதிப் படம் மனதில் பதியவில்லை. வெளியே வந்ததும் அந்தக் கையெழுத்து என்னுடையதுதான் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்பா சொல்வாரு சார். உக்காரவச்சு, தண்ணி குடுத்து, திட்டாம திருப்பி அனுப்புன ஒரே ஆபீஸர்னு."

"அப்புறம் ஏன் மறுபடி வரல?"

"ஒரு நாள் வேல போயிடும்ல. அப்புறம் படுத்துட்டாரு."

அடுத்த திங்கட்கிழமை இருவரும் அவர் நிலம் இருக்கும் அரியலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு பஸ் ஏறினோம். தீக்குளிக்க மண்ணெண்ணெய் வைத்திருக்கிறோமா என்று வாசலில் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் இருவரின் பைகளையும் துழாவினார். மரத்தடியில் உட்கார்ந்து புது மனுவை நானே எழுதினேன். முதலில் தேதியைப் போட்டேன். பிறகு ஏழெட்டு முறை அலைந்தோம். ஒருவழியாக அவர் பெயரிலும் அம்மா பெயரிலும் பட்டா வந்தது.

அறுவடைக்குப் பின் ஒரு மூட்டை மக்காச்சோளத்தோடு வீட்டுக்கு வந்தார். "இதுக்கும் மனு குடுக்கணுமா, சார்?" என்று கேட்டார். என் மனைவி சிரித்தாள்; என்னால் சிரிக்க முடியவில்லை.

படத்தில் வந்தவர்கள் செய்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அவர்களில் ஒருவனின் தகப்பனை வெறுங்கையோடு அனுப்பிய அதிகாரி, எவ்வளவு மரியாதையாக அனுப்பியிருப்பார் என்பதும் எனக்கு இப்போது தெரியும்.