எம்டனுக்கு இரண்டு நிமிட மௌனம்

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசியில் லண்டனிலிருந்து எங்கள் ஆபீசுக்கு ஒரு அட்டைப்பெட்டி வருகிறது. உள்ளே சிவப்புக் காகிதப் பூக்கள். முதல் உலகப் போரில் செத்தவர்களை நினைத்து நவம்பர் பதினொன்றாம் தேதி வரை சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். எங்களுடையது ஒரு பிரிட்டிஷ் மருந்துக் கம்பெனி. நான் வேலை செய்வது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே கிளையில். பூவைக் குத்திக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், மீதியில் குஜராத்திகளும் எங்களைப் போன்ற தமிழர்களும். அமெரிக்கர்களுக்கு இந்தப் பூ எதற்கென்றே தெரியாது. அந்தத் தேதியில் அவர்கள் ஊரில் மெத்தைக்குத் தள்ளுபடி போடுவார்கள், அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெட்டியெல்லாம் கிடையாது. அப்போதைய மேலாளர், ஓய்வு பெறும் வயதில் இருந்த லண்டன்காரர், அவருக்கு மட்டும் தபாலில் ஒரு பூ வரும். பதினொன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடிக் கதவு என்பதால், கைகளைத் தொங்கவிட்டபடி மேஜை அருகில் அவர் நிற்பது எங்களுக்குத் தெரியும். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கதவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார். யாரையும் கூட நிற்கச் சொன்னதில்லை.

ஒருமுறை கேட்டேன். "என் அப்பா அங்கே இருந்தார்" என்றார். என்ன சொல்வார் என்று கேட்டதற்கு, "எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை" என்றார். அதோடு விட்டிருந்தால் அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. அடுத்து மிக மரியாதையாக, "உங்கள் நாட்டுக்காரர்கள் அந்தப் போரில் இல்லை, அல்லவா?" என்றார். எங்கள் ஆட்களை லட்சக்கணக்கில் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களின் பிள்ளை கேட்கிற கேள்வி இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விசாவில் வந்து நாலு மாதம்கூட ஆகாதவள், என்ன செய்வேன்? "தெரியவில்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவருக்குப் பிறகு வந்தவரும் லண்டன்காரர், நாற்பது வயது. இவர் அந்தப் போரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சேறு, எலி, முட்டாள் தளபதிகள், பாவப்பட்ட சிப்பாய்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வாக்கியங்கள் வைத்திருந்தார். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் மதிய பஃபேக்கு எங்களை அழைத்துப்போய், தட்டில் நான்கு விதக் குழம்பைக் கலந்து பிசைந்துகொண்டே, "எங்கள் தளபதிகளைப் போல் மூடர்கள் உலகத்திலேயே கிடையாது" என்பார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தங்கள் மடத்தனத்தைக்கூட உலகத்திலேயே பெரியது என்று பீற்றிக்கொள்ள அந்த ஊர்க்காரர்களால்தான் முடியும். முந்தையவர் வாயே திறக்காத விஷயத்தை இவர் ரசமலாய் வரும்வரை பேசுவார்.

அப்படி ஒரு மதியம்தான் நான் வாயைக் கொடுத்தேன். சென்னை மண்ணடியில் எங்கள் பரம்பரை வீட்டுக்கு 'எம்டன் வீடு' என்று பெயர். எம்டன் என்பது அந்தப் போரின்போது சென்னைக் கடலுக்கு வந்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். கப்பல் போய்விட்டது, சொல் நம்மிடம் தங்கிவிட்டது. கண்டிப்பான வாத்தியார், ஏமாற்ற முடியாத மாமனார், கில்லாடி வியாபாரி எல்லாரும் நமக்கு எம்டன்தான். குமாஸ்தாவாக இருந்த என் கொள்ளுத்தாத்தாவும் அப்படிப்பட்ட கண்டிப்பான ஆள், அதனால் அந்தப் பெயர் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். நான் மேலாளரிடம், எங்கள் வீட்டுக்கும் அந்தப் போருக்கும் தொடர்பு உண்டு, கொள்ளுத்தாத்தாவால் அதற்கு எம்டன் வீடு என்று பெயர் என்றேன்.

"ஓ, எம்டன்! அதில் இருந்தாரா?" என்றார். எம்டன் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது என்பது அந்த 'ஓ'விலேயே தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல வெட்கம். ஏதோ பிரிட்டிஷ் கப்பல் என்று நினைத்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் என்று கேட்டால், நம் ஊர்த் தலையாட்டல்தான், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். என் கிரீன் கார்டு மனு அப்போது அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. திருத்துவதற்கு அது நல்ல சமயமாக எனக்குப் படவில்லை.

இப்படியாக, மண்ணடிக் குமாஸ்தா ஒருவர் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். ஆள் எடுத்தது ஒரு லண்டன்காரரின் ஜம்பம், அனுப்பி வைத்தது என் தலையாட்டல். அவர் அதை மனிதவளத் துறைக்கும் எழுதிப் போட்டுவிட்டார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

இப்போது இருப்பவர் மூன்றாமவர், அவரும் லண்டனிலிருந்து வந்தவர்தான். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, நல்ல பெண், யார் பெயரையும் தப்பாக உச்சரிக்கக் கூடாது என்று பாடுபடுகிறவள். அவள் வந்த பிறகுதான் பெட்டி வர ஆரம்பித்தது. பூவோடு பதாகை, காணொளி, கேன்டீனில் மேடை, லண்டன் தலைமையகத்துக்கு நேரடி ஒளிபரப்பு. போரில் செத்த குதிரைகளுக்குத் தனியாக ஊதா நிறப் பூ. முட்டாள் தளபதிகளைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. காலனி நாடுகளிலிருந்து போன 'மறக்கப்பட்டவர்கள்'தான் இப்போதைய மோஸ்தர். மறந்தது யார் என்று மட்டும் எந்த ஸ்லைடிலும் இருக்காது. ஏதோ சாவி தொலைவதுபோல் நாங்களாகவே தொலைந்துபோய்விட்டோம், இவர்கள் சோபாவுக்கு அடியிலிருந்து கண்டெடுக்கிறார்கள்.

போன வருடம் அவள் மனிதவளத் துறையின் பழைய கோப்பில் என் எம்டனைக் கண்டெடுத்தாள். கண் கலங்க என் மேஜைக்கு வந்தாள். என் மகள் மேடையேறி எள்ளுத்தாத்தாவின் கதையைப் படிக்க வேண்டும், பதாகையில் அவர் படம் வரும் என்றாள்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். தமிழ் புரியும், பதில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். என் பேச்சைக் கேட்டு அவள் கண் விரிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அன்றைக்கு விரிந்தது.

"அம்மா, சீரியஸ்லி? ஒய் டிட் யூ நெவர் டெல் மீ?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்வதை எல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே கேட்கிற பெண், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். அந்தச் சுகத்தில் நானும் இரண்டு நாள் மிதந்தேன். அதை விட்டுவிட எனக்கு மனமே வரவில்லை, அதுதான் உண்மை.

மூன்றாம் நாள் படம் கேட்டுச் சென்னைக்குச் சித்தப்பாவை அழைத்தேன். குடையும் தலைப்பாகையுமாகக் கொள்ளுத்தாத்தா நிற்கிற ஒரு படம் அவரிடம் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் மனிதர் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்.

"பட்டாளமா? அவரா? நல்ல கதை போ! குண்டு விழுந்த மறுநாள் விடியறதுக்குள்ள மாட்டுவண்டி கட்டிண்டு குடும்பத்தோட செங்கல்பட்டுக்கு ஓடினவரும்மா அவரு. பதினஞ்சு நாள் கழிச்சுத் திரும்பி வந்து, மொட்டை மாடியிலேர்ந்து கப்பலைப் பார்த்தேன், கேப்டன் மீசையைப் பார்த்தேன்னு அளந்து விட்டிருக்காரு. தெருவே கிண்டல் பண்ணி எம்டன்னு பேரு வெச்சிடுச்சு. உங்கப்பா அதைக் கௌரவமா மாத்திட்டாரு, நீ அதுக்கும் மேல போயிட்டே!"

நம் வீட்டிலிருந்து யாருமே அந்தப் போருக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"வீட்டு மனுஷா யாரும் போகலை. அந்த வண்டி ஓட்டினான் பாரு, அவன் போனான். கோவேறு கழுதை ஓட்டறதுக்கு ஆள் எடுத்தாங்கன்னு இராக்ல பாஸ்ராவுக்குப் போனவன் திரும்பியே வரலையாம். அவன் பொண்டாட்டி நம்ம வாசல்ல வந்து வந்து, ஏதாவது கடுதாசி வந்துதான்னு கேப்பாளாம். எங்க தாத்தா, அதான் உன் எம்டன், சொல்லுவாரு."

"அவர் பேர் என்ன சித்தப்பா?"

"வண்டிக்காரன்னுதான் சொல்லுவாங்க. பேரு யாருக்கும்மா தெரியும்?"

மகளிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. கல்லூரியிலிருந்து கூட்டி வரும்போது காரில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெர்மன் கப்பல், செங்கல்பட்டு, கிரீன் கார்டு, வண்டிக்காரர், வாசலுக்கு வந்து வந்து நின்ற அவர் மனைவி. கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. முதலில் கேட்டது, "வாட் வாஸ் ஹிஸ் நேம்?" தெரியாது என்றேன்.

"அந்த லேடி டோர்ல வந்து நின்னாங்க. யூ கைஸ் ரிமெம்பர் தட். பேரு மட்டும் தெரியாதா?" என்றாள். பாதித் தமிழில் அவள் பேசினால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். கடைசியில், "ஓகே, ஐ வில் ரீட். அவர் போனார், திரும்பி வரலை, எங்க ஃபேமிலி அவர் பேரை ஞாபகம் வெச்சுக்கலைன்னு படிக்கிறேன். அது மட்டும்தான் படிப்பேன்" என்றாள்.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கோபிக்கவே இல்லை, அவர்கள் இப்போதெல்லாம் கோபிப்பதில்லை. "இது இன்னும் அற்புதம்! வண்டிக்காரர்தான் நமக்கு வேண்டிய ஆள்! பெயர் என்ன?" என்றாள். தெரியாது என்றதும் முகம் வாடிவிட்டது. பதாகைக்குப் பெயரும் படமும் வேண்டும், லண்டன் அனுப்பிய படிவத்தில் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. டெக்சஸில் பிளானோ கிளையில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் பதக்கத்தோடு தயாராக இருக்கிறது என்றும் சொன்னாள். பிறகு என் தோளைத் தொட்டு, "உங்கள் கொள்ளுத்தாத்தாவே இருக்கட்டுமே. கப்பலை எடுத்துவிடலாம். 'போர் இவர் வாழ்வைத் தொட்டது' என்று போட்டால் அது பொய்யில்லையே?" என்றாள்.

நூறு வருடம் மறப்பதற்கும் நினைப்பதற்கும் பழகியவர்களுக்குத்தான் இப்படி ஒரு வாக்கியம் சட்டென்று வரும். மனதுக்குள் அவளை எவ்வளவு கேவலமாகத் திட்டினேன் என்பது எனக்குத்தான் தெரியும். திட்டிக்கொண்டே படிவத்தைத் திறந்து கொள்ளுத்தாத்தாவின் பெயரை டைப் அடித்தேன். நாங்கள் குடியிருக்கும் எடிசனில் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பிளானோவுக்கு விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

வீட்டில் மகள் என்னை எதிரில் உட்கார வைத்தாள். "பேரு தெரியாதுன்னு சொல்றதுல என்னம்மா கஷ்டம்?"

"அவ்வளவு பேர் முன்னாடி நம்ம குடும்பத்து மானத்தை வாங்கச் சொல்றியா? நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது."

"அப்போ நான் படிக்க மாட்டேன். வருவேன், உட்கார்ந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பதினொன்றாம் தேதி நானே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையில் படித்தேன். பின்னால் ஆள் உயரத்துக்குக் கொள்ளுத்தாத்தா, குடையோடு. எழுபது தாண்டிக் கட்டிலில் செத்தவர். திரையில் லண்டன்காரர்கள் வரிசையாக நெஞ்சில் பூவோடு இருந்தார்கள். நான் முடித்ததும் இரண்டு நிமிட மௌனத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். தெலுங்குக்காரர்கள், குஜராத்திகள், அமெரிக்கர்கள், கேன்டீன் ஆட்கள், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் லண்டன். கடைசி வரிசையில் என் மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். போனைப் பார்க்கவில்லை, தலையைக் குனியவில்லை. இரண்டு நிமிடமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மேலாளர் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு அந்தப் பக்கம் மகள் எங்களை நோக்கி வருவது தெரிந்தது. "உங்கள் மகளுக்கு உடம்பு சரியில்லையா? நிற்கவில்லையே?" என்று மேலாளர் அக்கறையாகக் கேட்டாள். மகள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தபடி.

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தியாகம் என்றால் என்னவென்று இவளுக்கு எங்கே தெரியப்போகிறது?"