தீவுக்கு ஒரு திகதி

கடலுக்குப் போவதென்று முடிவானது ஜூன் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை. எனக்குப் பத்து வயது. கிழமையை உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் உணவகத்தில் வேலை செய்த அப்பாவுக்குப் புதன்தான் ஓய்வுநாள். அன்று மாலை மட்டும்தான் பாரிஸ் லா சப்பல் வீட்டுச் சமையலறையில் நாங்கள் மூவரும் ஒன்றாக உட்காருவோம்.

தீவின் பெயர் பொர்க்கெறோல். வகுப்பில் பாதிப்பேர் போய்வந்துவிட்டார்கள். துலோன் வரை ரயில், பிறகு பேருந்து, பிறகு இருபது நிமிடப் படகு. பைன் மரங்களுக்குக் கீழே ஒரு சிறிய குடா. இணையத்தில் பார்த்த படத்தில் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்ததென்றால், படகின் நிழல் அடியிலிருந்த மணலில் விழுந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதியிருந்தேன். ஓகஸ்ட் நடுப்பகுதியைத் தவிர்க்கவும் என்று இணையம் முழுக்க எச்சரித்திருந்ததால், அதற்குச் சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

இரண்டு வருடமாகக் கெஞ்சியும் அசையாத அப்பா, அன்று கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். எழுந்துபோய், பலசரக்குக் கடையில் தந்த யாழ்ப்பாணக் கலண்டரைப் புரட்டினார்.

"ஓகஸ்ட் பதினாலு. வெள்ளிக்கிழமை."

மறுநாள் மாதா விண்ணேற்பு விடுமுறை. பிரான்ஸ் முழுவதும் தெற்கே இறங்கும் நேரம்.

"அப்பா, அண்டைக்குக் கால் வைக்க இடமிருக்காது!"

"கடல் பெரிசு, பிள்ளை. எங்களுக்கும் ஒரு மூலை தரும்."

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். "யோசிச்சுத்தானே சொல்லுறியள்?"

"ஓம்."

கலண்டரில் அந்த நாளுக்கு ஒரு கறுப்பு வட்டமும், ஆடி அமாவாசை விரதம் என்ற எழுத்தும் இருந்தன. அப்படியென்றால் என்னவென்று அம்மாவைக் கேட்டேன். "கடலிலை குளிக்கிற நாள்," என்றார். கடல் குளிப்புக்கென்றே ஒரு நாளை அச்சடித்து வைத்திருக்கும் கலண்டர் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரான்சியிலிருந்து மாமி வந்தார். அப்பாவின் அக்கா. திகதியைக் கேட்டதும், கழற்றிய கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஆரைக் கேட்டு நாள் வைச்சனீ?"

"ஆறு வருசமாச்சு, அக்கா."

"ஆறு வருசமெண்டா? உனக்கு விசரே? ஐயா நாளைக்கு வந்து நிண்டு, என்ரை பேருக்கோ விரதம் பிடிச்சனீ எண்டு கேட்டால், மூஞ்சியை எங்கை கொண்டுபோய் வைப்பாய்?"

ஐயா என்றால் அவர்களுடைய தகப்பன், என் அப்பப்பா. ஆறு வருடங்களுக்கு முந்தி, போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி எதிர்கால வினையில்தான் பேசுவார்கள். இந்தக் கட்டிலில் படுப்பார், இந்தக் குளிரைத் தாங்க மாட்டார், பேத்தியின் தமிழைக் கேட்டுச் சிரிப்பார். வரப்போகும் ஒருவரைச் சொல்லி மாமி ஏன் என் தீவுக்குத் தடை போடுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

"ஊரிலையெண்டால் கீரிமலைக் கடலிலை முழுகப் போயிருப்பன். இஞ்சை அந்தக் கடல்தான் இருக்கு," என்றார் அப்பா.

"நீ போ. நான் வரமாட்டன். இனி இந்த வீட்டுக்கும் வரமாட்டன்."

பிரச்சினை திகதியில்தான் என்று முடிவுகட்டி, நான் கொப்பியோடு நடுவில் புகுந்தேன். அமாவாசை வியாழன் பின்னேரமே தொடங்குகிறது, அதுவும் யாழ்ப்பாண நேரப்படி. பாரிஸ் மூன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. ஆகவே இங்கே வியாழன் மத்தியானம் கழியவே அமாவாசை வந்துவிடும், கூட்டமும் குறைவு. பாதியைப் பிரெஞ்சிலும் பாதியைத் தமிழிலும் விளக்கினேன்.

மாமி என் தலையில் கைவைத்தார். "நீ கெட்டிக்காரியடி. ஆனா உன்ரை மணிக்கூட்டுக் கணக்கு இதுக்குச் சரிவராது."

அப்பா வெகுநேரம் மாமியின் கோட்டுப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் பேனையை வாங்கி, என் கொப்பியில் இருந்த பதினாலை வெட்டி, இருபது என்று எழுதினார். அமாவாசை கழிந்து ஆறாம் நாள். மாமி கோட்டைக் கழற்றித் தேத்தண்ணி கேட்டார்.

இருபதாம் திகதியும் ஒரு வியாழன்தான்; மாமியும் எங்களோடு வந்தார். குடாவில் கூட்டம் அதிகமில்லை. வியாழனை வென்றது நான்தான் என்ற பெருமையில் இருந்தேன். அப்பா கழுத்தளவு தண்ணீரில் நின்றார். தலை மட்டும் நனையவில்லை.

"முழுகுங்கோ அப்பா!"

"இண்டைக்கு வேண்டாம்."

தகப்பனை இழந்தவர்கள்தான் ஆடி அமாவாசை பிடித்து, அவருக்காகக் கடலில் தலை முழுகுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தலைமயிர் நனையப் பயப்படுகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. உடுத்த சேலையோடு கடலுக்குள் இறங்கிப் போய், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.