கிணற்றுக்குள் போன கைவியளம்

நானும் மனைவியும் ஊரைவிட்டு வந்து குடியேறிய கிங்ஸ்பரியில் ஒரு பழைய நாணயச் சந்தை. மேசையில் கிடந்த செப்பு வில்லையைக் கண்டதும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதே கோப்பிச் செடி முத்திரை! வெள்ளைக்காரன் காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்புக் கோப்பி வியாபாரிகள் தாங்களே அடித்துக் கூலியாகக் கொடுத்த வில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வருசப்பிறப்பன்று வெற்றிலையில் வைத்துத் தரும் கைவியளத்துக்கு அப்பாவிடம் புதுக்காசு இல்லை. கோப்பிக் கிட்டங்கியில் வேலைசெய்த பூட்டனின் சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு வில்லையைப் புளி போட்டு மினுக்கித் தந்தார். புளியும் செம்பும் கலந்த அந்த வாசம்! கைவியளத்தை அன்றைக்குச் செலவழிக்கக்கூடாது. நான் நேரே ஐஸ்பழ வண்டிக்கு ஓடினேன்.

ஐஸ்பழக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது அரசாங்கம் அடிச்ச காசில்லை. ஆர் தந்தது?"

"அப்பா."

"அப்ப அவரைப் பொலிஸ் பிடிக்கப்போகுது!" என்று சிரித்தார்.

வில்லையைப் பறித்துக்கொண்டேன். அப்பா கள்ளக்காசு அடிக்கிறார்! வீட்டுக்குப் பறந்தேன். சுருக்குப்பையைத் தூக்கி, அத்தனை வில்லைகளையும் கிணற்றுக்குள் கொட்டினேன்.

பின்னேரம் அப்பா வெறும் பையோடு வந்தார். "எங்கையடா?"

"பயப்பிடாதேங்கோ அப்பா. எல்லாம் கிணத்துக்குள்ள. இனிப் பொலிஸ் வந்தாலும் பிடிக்க ஏலாது."

அப்பா கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

இப்போது சந்தைக்காரர் அந்த ஒற்றை வில்லைக்கே பெரிய விலை சொன்னார். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் கிணத்துக்குள்ள போட்டது இதுதானே? எத்தினை?"

"ஒண்டுதான்," என்றேன், மிச்ச நாற்பத்தொன்றையும் விழுங்கிக்கொண்டு.