காளியப்பன் சாகாத செய்தி

நிருபர் வேலை என்றால் நடந்ததைப் போய்ப் பார்த்து வந்து எழுதுவது என்பார்கள்; வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் ஊரை ஆண்ட காலத்தில் எங்களுக்குப் போகிற வேலையும் இல்லை, பார்க்கிற வேலையும் இல்லை, எழுதுகிற வேலை மட்டும் மிச்சம் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் நிருபர். காலையில் ராணுவச் செய்தி இலாகாவிலிருந்து இங்கிலீஷில் ஒரு தாள் வரும். அதைத் தமிழாக்கி, தணிக்கை ஆபீசில் முத்திரை வாங்கி, அச்சுக்கு அனுப்ப வேண்டும். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற சகோதரர்களே, நீங்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளுங்கள்.

நனையாத கூட்டம்

ஒருநாள் காலையில் வந்த தாளில், அன்று சாயங்காலம் ஃபேரர் பார்க் திடலில் நடந்த கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டி மகிழ்ந்தனர் என்று இருந்தது. சாயங்காலம் இன்னும் வரவே இல்லை. நமக்கென்ன வந்தது? குழந்தைகள் கொடி அசைத்ததையும் என் பங்குக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மணிக்குப் பிடித்த மழை ஏழு மணி வரை விடவில்லை. திடலில் நாலு மாடு நின்றது.

மறுநாள் சவரம் செய்துகொள்ளப் போனேன். கடைக்காரர் முத்துசாமி பத்திரிகையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கத்தியைத் தீட்டுவார். என் கன்னத்தில் சோப்பைத் தடவிக்கொண்டே கேட்டார்: “அத்தனை ஆயிரம் பேர்ல ஒருத்தர்கூடவா தம்பி நனையல?”

முத்திரைக்காரர்

தணிக்கை ஆபீசில் தமிழைப் படிப்பவர் செல்லத்துரை, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கக் குமாஸ்தா. இப்போதும் அதே கோட்டு, அதே மூக்குக்கண்ணாடி, எஜமான் மட்டும் வேறே. ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்குக் கூலிகளாகப் பிடித்துக் கொண்டுபோன ஆட்களைப் பற்றி, சௌக்கியமாக இருக்கிறார்கள் என்பதைத் தவிர ஒரு வரி எழுதக் கூடாது. தப்பி வந்த ஒன்றிரண்டு பேர் சொன்னதோ வேறு. கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்றார்கள். அதை எழுத வழியில்லை.

கருமாதி அறிவிப்புக்கு மட்டும் கெடுபிடி குறைவு. இன்னார் காலமானார், இன்ன நாளில் கருமாதி, அவ்வளவுதான். எங்கே செத்தார், எப்படிச் செத்தார் என்று போடுவதில்லை. சயாமில் செத்தவர்களின் பெயர்களை அப்படிக் கடைசிப் பக்கத்தில் போட ஆரம்பித்தேன். செல்லத்துரை படித்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். “செத்த வீடு குடும்ப விசயம் தம்பி, அதுக்குள்ள எனக்கு அலுவல் இல்லை. ஊர்ப்பேர் மட்டும் போட்டிடாதையும்.”

கேட்காத கேள்வி

தேக்கா வட்டாரத்தில் மாட்டுவண்டி ஓட்டிய காளியப்பனையும் சயாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அங்கிருந்து காய்ச்சலோடு திரும்பிய ஒருவன், காளியப்பனுக்கு நானே குழியில் மண் தள்ளினேன் என்று என்னிடம் சொன்னான். எந்த ஊர்க்காரர், அப்பா பேர் என்ன, ஆள் எப்படி இருப்பார் என்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தப் பாதையில் எத்தனை காளியப்பன்கள் மண் சுமந்தார்களோ! உண்மைச் செய்தி ஒன்று கையில் கிடைத்த சந்தோஷத்தில், வீட்டாரைக்கூடக் கேட்காமல் நாலு வரி எழுதி, முத்திரை வாங்கி அச்சில் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் மனைவி மாரியம்மா அழுது வீங்கிய முகத்தோடு ஆபீசுக்கு வந்தார். பத்திரிகையைப் பார்த்துவிட்டு, அரிசிக் கார்டிலிருந்து புருஷன் பெயரை அடித்துவிட்டார்களாம். நாற்காலியை இழுத்துப் போட்டேன்; அவர் உட்காரவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கக் கூடாதாண்ணே? அவர் பேர்ல வந்த அரிசியத்தான் பிள்ளைங்க தின்னுச்சு.”

மறுப்பு

ஒன்றரை மாதம் கழித்துக் காளியப்பன் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். எலும்பும் தோலுமாக, காலில் சீழ் பிடித்த புண்ணோடு, உயிரோடு. முகாமிலிருந்து ஓடி, மூன்று மாதம் நடந்தும் ஒளிந்தும் ஊர் வந்து சேர்ந்தவர். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவருக்கோ கோபமான கோபம். கார்டில் பெயர் மறுபடி ஏற வேண்டும், மறுப்புப் போடுங்கள் என்றார். அங்கேயே எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

செல்லத்துரை தாளைப் படித்தார். மடித்தார். என் சட்டைப் பையிலேயே செருகினார். “செத்தவர் வந்திட்டார் எண்டு போட்டால், எங்கயிருந்து வந்தவர் எண்டு கேப்பினம். ஓடி வந்த ஆளைப் பிடிச்சால் என்ன செய்வினம் எண்டு உமக்குத் தெரியும்தானே? நீர் சாக்காட்டின ஆளை அப்பிடியே விடும்.”

வீடு தேடி வந்தவர்கள்

அதற்கு நாலாம் நாள், ராணுவப் போலீஸ் இரண்டு பேர் ஒரு மொழிபெயர்ப்பாளனைக் கூட்டிக்கொண்டு மாரியம்மா வீட்டுக்குப் போனார்கள். கையில் ஓடிப்போன கூலிகளின் பட்டியல். காளியப்பன் அப்போது பின்கட்டில் விறகுக் குவியலுக்கு அடியில் படுத்திருந்தார். மாரியம்மா உள்ளே போய் அந்தப் பத்திரிகையை எடுத்துவந்து நீட்டினார். மொழிபெயர்ப்பாளன் நாலு வரியையும் வாசித்துச் சொன்னான். பக்கத்தின் அடியில், எல்லா நாளும் போல, ‘ராணுவ அனுமதி பெற்றது’ என்று இருந்தது. தன் ஆபீசே முத்திரை குத்திய சாவை பட்டியலை வைத்திருந்த சிப்பாய் எப்படிச் சந்தேகப்படுவான்? பட்டியலில் ஒரு கோடு கிழித்தான், மாரியம்மாவுக்குத் தலை குனிந்து மரியாதை செய்தான், போய்விட்டான்.

மறுநாள் காலையில் காளியப்பன் சுவா சூ காங் பக்கம் மரவள்ளித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். போகிற வழியில் அச்சுக்கூடத்துப் பின்வாசலில் வந்து நின்று, நடந்ததையெல்லாம் என்னிடம் சொன்னார். மறுப்பை எப்படியாவது போட வைக்கிறேன் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “வேணாம்ணே. சண்டை முடியிற வரைக்கும் நான் செத்தே இருந்துக்கறேன்.”

அந்த மூன்றரை வருஷத்தில் நான் எழுதிக் குவித்ததில் ஒரு மனுஷனுக்காவது உபயோகப்பட்டது, அடியோடு தப்பான அந்த நாலு வரிதான்.