ஸ்டிக்கர் ஆகிப்போன என் முகம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலையில், கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். மினி லாரிதான் என் பிழைப்பு. வடக்கனந்தல் தாண்டியதும் ஒரு பெண் கை காட்டினார். மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டாராம். ஏறிக்கொண்டார். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு. போனில் கேலிக்கு ஆளானவர்கள் ஏன் போலீசுக்குப் போவதில்லை என்று ஊர் ஊராகக் கேட்டு வருகிறாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது என் முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தேன், தூசிக்காக அல்ல. கிழங்கு மில்லின் எடை மேடை வரிசையில் கிழங்கு மூட்டை மேல் வாயைப் பிளந்து தூங்கிய என்னை யாரோ படம் எடுத்து, 'எழுப்பாதீங்க, ஓனரு கனவுல கீறாரு' என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். யார் சோம்பல்பட்டாலும் ஊர் குரூப்பில் என் முகம்தான் போகும். டீக்கடையில், "இன்னா ஸ்டிக்கரு, எழுந்துட்டியா?" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். பிறகு டீக்கடைக்குப் போவதையே விட்டேன். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள், "ஸ்கூல் பக்கம் வராதப்பா" என்று சொன்ன அன்று, வண்டியை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா என்றே யோசித்தேன்.

இதை எப்படிச் சொல்வது? கூச்சம். "எங்க ஊர்ல ஒருத்தர் கீறாருங்க..." என்று ஆரம்பித்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என் துண்டை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "அண்ணா, தனியா ஸ்டேஷனுக்குப் போகக் கூச்சமா இருந்தா, நாளைக்கு நான் கீழ வரும்போது கூட வர்றேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

மறுநாள் அந்த 'ஒருத்தர்' அவரோடு போனார்.

ஸ்டேஷனில் ஓர் இளம் காவலர். நான் துண்டை எடுத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. திரும்பி நடந்தேன்.

"அண்ணே, நில்லுங்க" என்று எழுந்து வந்தார். "இது என் போன்லயும் கீதுங்க. நானும் அனுப்பிக்கினுதான் இருந்தேன். நெஜமா ஒரு ஆளு இருப்பாருன்னு தோணவே இல்ல." என் கண் முன்னாலேயே அழித்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்துப் புகாரை எழுதிக்கொண்டார். அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

படம் எடுத்தது என்னோடு வரிசையில் நிற்கும் இன்னொரு டிரைவர். கூப்பிட்டு விசாரித்தபோது, "தமாசுக்குப் பண்ணேன்பா. நீயும் சிரிச்சியே, உனக்கும் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார். அன்றே குரூப்பில் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் அழிக்கச் சொன்னார்.

அந்த வாரமே மகளிடமிருந்து போன். "சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டேன், ஸ்கூல் கேட்டாண்ட எடுத்துக்கினு வாப்பா." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஸ்டிக்கர் இன்னும் முழுதாக ஒழியவில்லை, எப்போதாவது எங்கிருந்தோ வரும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். என் கதையை வேறு யாருடைய கதையோ போலவே கடைசி வரை கேட்டுக்கொண்டு, கூடவே ஸ்டேஷன் படியேறி வந்த அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்வேன். ஒருவரின் வெட்கத்தைக் கண்டும் காணாததுபோல் துணைக்கு வருவதைவிடப் பெரிய மரியாதை எனக்கு யாரும் செய்ததில்லை.